ஏழையின் காசும் எட்டுத் திசையும்

"நாங்களே இடம்பெயர்ந்து நிற்கிறோம், எங்களிடமும் மறைபரப்பு ஞாயிறுக் காணிக்கையா?" இக்கேள்வி நியாயமானதே.

ஆனால் இக்காணிக்கையைத் தொடக்கத்தில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் செல்வந்தர்கள் அல்லர். பிரான்சின் லியோன் நகரில் போலின் ஜாரிக்கோ என்ற இளம்பெண் பட்டாலைத் தொழிலாளரைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்தார். வாரம் ஒரு சிறு காசு, நாளும் ஒரு செபம். அதிலிருந்தே 1822இல் விசுவாசப் பரப்புதல் சபை பிறந்தது. 1926இல் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் மறைபரப்பு ஞாயிறை ஏற்படுத்தினார்.

எனவே தொகை பெரிதல்ல. இயலாதவரை எவரும் வற்புறுத்தலாகாது; கொடுத்தவர் பட்டியலை வாசிப்பதும் தகாது. ஒரு பிடி அரிசியோ, தூரதேச மறைபரப்பாளருக்காக ஒரு செபமாலையோ போதும்.

நிவாரண வரிசையில் வாங்கியே பழகிய கை, கொடுக்கும்போதுதான் மீண்டும் உழவன் கையாகிறது. பட்டினியிலும் விதைநெல்லை உண்ணாமல் மண்ணுக்குக் கொடுத்தவர்கள் அல்லவா நாம்?