தனியார் மண் அணைகள்: உடைந்தால் பொறுப்பு யாருக்கு?

குன்னத்துகால், பாறசாலை, வெள்ளறடை வட்டாரம் மேடும் பள்ளமுமான பூமி. இத்தகைய நிலத்தில் இரு குன்றுகளுக்கு இடையே ஓடையை மறித்து ஒரு மண் கரை போட்டால் போதும், குளம் தயாராகிவிடும். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கரைகள் பாசனத்துக்காகவே போடப்பட்டன. இப்போது கேரளத்தின் மலையோரங்களில் நீர்த்தேக்கம் என்பது உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் சாதனமாகவும் ஆகிவிட்டது. படகு, தூண்டில், குளியல் என்று அது வருமானம் தருகிறது. வருமானம் உரிமையாளருக்கு. ஆபத்து யாருக்கு என்பதுதான் கேள்வி.

நெய்யாறு அணைக்கு என்ஜினீயர்களும் காவலர்களும் இருக்கிறார்கள். எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்திலுள்ள சிற்றாறு மண் அணைகளைத் தமிழக அரசு கவனித்துக்கொள்கிறது. தனியார் குளத்தின் நிலை வேறு. 2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கே பொருந்தும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டுமே சேரும். தோட்டக்காரர் போடும் 5 மீட்டர் கரை இச்சட்டத்தின் கண்ணில் அணையே அல்ல!

ஆனால் தண்ணீரின் கனம் சட்டத்தைப் பார்த்து அமைவதில்லை. ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி 3 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால், அதன் எடை சுமார் 12,000 டன். பத்து டன் லாரிகளில் ஏற்றினால் 1,200 லாரிகள் வேண்டும். அவ்வளவும் சில நிமிஷங்களில் பள்ளத்தில் பாய்ந்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டுப் பாடங்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை, செல்வந்தர்களின் மீன்பிடி - வேட்டைக் கிளப்புக்குச் சொந்தமாக இருந்தது. வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன்கள் தப்பாமலிருக்க மறுகாலில் வலைத்தடுப்பு வைத்தார்கள். நீரை வடிக்கும் அடிக்குழாய்கள் முன்பே அகற்றப்பட்டிருந்தன. அவற்றைத் திரும்பப் பொருத்தவில்லை. 1889 மே 31 அன்று பெருமழையில் கரை உடைந்தது. கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரிலும் சுற்றுப்புறத்திலும் மாண்டவர்கள் 2,209 பேர்.

இது பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. கென்யாவில் சோலாய் என்னுமிடத்தில் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை 2018 மே 9 இரவில் உடைந்தது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உரிய அனுமதி இல்லாமல் கட்டிய அணை அது என்று பிறகுதான் அதிகாரிகள் கூறினார்கள்.

நம் நாட்டில் 2019 ஜூலை 2 அன்று மகாராஷ்டிர மாநிலம் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே மண் அணை உடைந்து சுமார் 20 பேர் பலியானார்கள். அது அரசாங்க அணை. கசிவு இருப்பதாக ஊரார் முன்கூட்டியே புகார் செய்தும் பலன் இல்லை. அரசாங்க அணைக்கே இந்தக் கதி என்றால், புகாரை வாங்கக்கூட ஆள் இல்லாத தனியார் கரையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

கேரளத்திலும் பிரச்னை புதிதல்ல. மலப்புறம் மாவட்டத்தில் கக்காடம்பொயிலை அடுத்த சீங்கண்ணிப்பாலியில், உல்லாசத் தேவைக்காக ஓடையை மறித்துக் கட்டிய தனியார் தடுப்பணை பற்றிய வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. 2018 ஜூனில் கோழிக்கோடு மாவட்டம் கரிஞ்சோலையில் நிலச்சரிவில் 14 பேர் மாண்டபோது, மலைமேல் தனியார் கட்டிவந்த நீர்த்தேக்கம் பற்றிப் புகார் எழுந்தது.

கரை எப்படி உடைகிறது?

ஏரியும் குளமும் கண்ட தமிழர்களுக்கு இது தெரியாத சங்கதி அல்ல. கரையைவிட முக்கியம் மறுகால். மிஞ்சிய நீர் போக வழியில்லாவிட்டால் அது கரைமேல் ஏறும். ஏறிய நீர் மண்ணை அரித்துவிடும். மறுகாலை அடைத்து இன்னும் இரண்டடி நீர் தேக்கினால் படகுக்கு நல்லது என்று நினைப்பவர், ஜான்ஸ்டவுன் கிளப்பாரின் தவறையே செய்கிறார். இரண்டாவது ஆபத்து கசிவு. தெளிந்த நீர் சிறிதளவு கசிவது சகஜம். கசியும் நீர் கலங்கி வந்தால் கரையின் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். எலி வளை, நண்டு வளை, கரையில் முளைத்த மரங்களின் வேர் ஆகியவை இதற்கு வழி செய்கின்றன.

குளிக்கச் செல்வோருக்கு வேறு ஆபத்தும் உண்டு. உட்சரிவு வழுக்கும், இரண்டடி தள்ளினால் ஆழம். மதகு திறந்திருந்தால் அதன் வாய் ஆளை இழுக்கும். தானூரில் 2023 மே 7 அன்று தனியார் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு உடை இல்லாத படகில் ஏறக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

செய்ய வேண்டியது

குளங்களை எல்லாம் உடைத்துவிட வேண்டும் என்பதல்ல நமது வாதம். அவற்றால் கிணறுகளில் நீர் ஊறுகிறது. கோடையில் பயிர் பிழைக்கிறது. ஆனால் சொந்த நிலம் என்ற உரிமை கரையோடு முடிந்துவிடுகிறது. உடைந்த வெள்ளம் அடுத்தவர் வீட்டில்தான் நுழையும். பல இடங்களில் அந்த வீடு, பள்ளத்தில் வாடகை குறைவு என்று குடியேறிய கூலித் தொழிலாளியின் வீடாக இருக்கும்.

ஆகவே, ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லைக்குள் உள்ள தனியார் நீர்த்தேக்கங்களைப் பதிவு செய்ய வேண்டும். இடவப்பாதி மழைக்கு முன்பும் துலா மழைக்கு முன்பும் என்ஜினீயர் ஒருவர் கரையையும் மறுகாலையும் பார்த்துச் சான்று தர வேண்டும். சான்று இல்லாத குளத்தில் கட்டணம் வாங்கிப் படகு விட அனுமதிக்கக்கூடாது. ஆபத்தான கரையின் மீது நடவடிக்கை எடுக்க 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் தருகிறது. புதிய சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கரையின் கீழே குடியிருப்போர் கலங்கல் நீரைக் கண்டால் முதலில் குடும்பத்தோடு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பிறகு 1077 என்ற மாவட்ட அவசர உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். முதலாளியின் குளம், நமக்கேன் வம்பு என்று தனியாள் தயங்கக்கூடும். பத்துப் பேர் கையெழுத்திட்டு வில்லேஜ் ஆபீசிலும் பஞ்சாயத்திலும் மனுக் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. மலையாளத்தில் எழுதத் தெரிந்த குமாஸ்தா நண்பர்கள் இந்த உதவியைச் செய்யலாம். மழை வருமுன் செய்வதே நல்லது.