டிராக்டரின் மேல் போலிக் காப்பு

டிராக்டர் வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள் பலர், வண்டி கவிழ்ந்தால் டிரைவரின் உயிர் தப்பவேண்டும் என்னும் நல்லெண்ணத்தினால், அருகிலுள்ள வெல்டிங் பட்டறையில் நாலு குழாய்களைப் பற்றவைத்து ஒரு கூண்டு செய்து பூட்டிவிடுகிறார்கள். எண்ணம் மெச்சத்தக்கதே. ஆயினும் இவ்வாறு செய்த கூண்டு இருப்பதைவிட இல்லாதிருப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களைக் குடியானவர்களும் கிராம அதிகாரிகளும் சற்றுச் சிரத்தையுடன் கவனிக்கும்படி வேண்டுகிறேன்.

டிராக்டர் பக்கவாட்டிலும் கவிழும், பின்புறமாகவும் கவிழும். வாய்க்கால் கரை இடிந்தாலும், உயர்ந்த வரப்பைக் குறுக்காக ஏறினாலும் பக்கவாட்டில் சாய்கிறது. சேற்றில் புதைந்த பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டிக் கிளப்பும்போதும், இழுவைச் சங்கிலியை அதற்குரிய தாழ்ந்த இடத்தில் மாட்டாமல் உயர மாட்டும்போதும், முன்பாகம் மேலெழும்பிப் பின்னோக்கி விழுகிறது. இவ்விதம் பின்புறம் கவிழ்வதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடியே போதும்; அதிலும் முக்கால் விநாடி சென்றபின் கிளட்சை மிதித்தும் பயனில்லை. குதித்துத் தப்பிவிடலாம் என்பது வீண் நம்பிக்கை.

ஆகையினாலேயே ஸ்வீடன் தேசத்தில் 1959-ம் ஆண்டு முதல் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது; அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் 1976-ம் ஆண்டு அக்டோபர் 25-க்குப் பின் செய்யப்பட்ட டிராக்டர்களுள், கூலிக்கு அமர்த்தப்பட்டவர் ஓட்டுவன பெரும்பாலானவற்றிற்கு இதனை விதித்தார்கள். ஆசனத்தில் அமர்பவர் கூலியாள், யந்திரத்தைத் தெரிந்தெடுப்பவர் முதலாளி என்னும் நியாயம் அவ்விதியில் அடங்கியிருக்கிறது. நமது கிராமங்களிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே அன்றோ?

கம்பெனிச் சட்டம் பார்வைக்கு வெறும் இரண்டு தூண்களும் ஒரு குறுக்குக் கம்பியுமே. அதன் பெருமை பரிசோதனையில் உள்ளது. சர்வதேச முறைப்படி அதனைப் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் குறித்த அளவு தள்ளுவார்கள்; மேலிருந்தும் அழுத்துவார்கள். 2,000 கிலோ நிறையுள்ள டிராக்டர் ஆனால் அவ்வழுத்தம் ஏறக்குறைய 4 டன், அதாவது வண்டியின் நிறையைப்போல் இரு மடங்கு. சட்டம் வளையலாம், வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வதே அதன் வேலை. ஆனால் டிரைவருக்கென ஒதுக்கிய இடத்திற்குள் அதன் எப்பாகமும் புகலாகாது.

பட்டறைக் கூண்டை இவ்வாறு எவரும் சோதிப்பதில்லை. நான் பார்த்தவற்றுள் சில நீர்க்குழாயினாலும், சில ஆங்கிளினாலும், ஒன்று வீடு கட்டி மிஞ்சிய முறுக்குக் கம்பியினாலும் செய்யப்பட்டவை. வர்ணம் மட்டும் வெகு நேர்த்தி! பல கூண்டுகளின் கால்கள் மட்கார்டுத் தகட்டின்மேல் பூட்டப்பட்டிருந்தன. பின் ஆக்ஸில் உறை தாங்கவேண்டிய பாரத்தை மெல்லிய தகடு எங்ஙனம் தாங்கும்? வண்டி புரளும்போது போல்டுகள் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கூண்டு மடிந்து ஆசனத்தின்மேல் விழும். மேலே மட்டும் ஓடி உள்ளே பற்றாத வெல்டு, பார்வைக்குக் குறையற்றதாயிருந்தும், அதிர்ச்சியில் ஒரே கணத்தில் விண்டுபோகும்.

பெல்ட் விஷயம் இன்னும் விபரீதமானது. உறுதியான சட்டமுள்ள டிராக்டரில் பெல்ட் அணியவேண்டும். அணியாதவர் வெளியே எறியப்பட்டு அச்சட்டத்தின் கீழேயே நசுங்கக்கூடும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கூடாது. போலிக் கூண்டோ இரண்டிற்கும் இடம் தராது. பெல்ட் கட்டினால் மடியும் குழாய்களுக்குள் டிரைவர் சிறைப்படுவார். கட்டாவிடில் கூண்டுக்கும் தரைக்கும் நடுவே அகப்படுவார். இவையன்றி, தலைக்குமேல் இரும்பு இருக்கிறதென்னும் தைரியத்தில் கரையோரமாக வேகமாய்ச் செல்லும் வழக்கமும் உண்டாகிறது. வெயிலுக்கென அமைத்த மேற்கூரையைக் காப்பாக எண்ணுவதும் இத்தகைய மயக்கமே.

கம்பெனிச் சட்டத்திலும் விளக்கு மாட்டத் துளையிடுவதும், துருப்பிடித்த இடத்தில் துண்டு வைத்துப் பற்றவைப்பதும் தகாது; அதன் பலம் எவ்வளவு குறைந்தது என்று பின்னர் அறிய வழியில்லை. ஒருமுறை கவிழ்ந்த சட்டத்தை நிமிர்த்தி மாட்டாமல் புதியது வாங்கவேண்டும்.

விலை அதிகம் என்பர். ஒரு குடும்பம் சம்பாதிப்பவரை இழப்பதற்கு முன் இதனைப் பேசுவது எளிது. எனினும் மிகப் பழைய வண்டிகளுக்குக் கம்பெனிச் சட்டம் கிடைக்காமற்போகலாம். அவற்றைக் கதிரடித்தல், பம்ப் ஓட்டுதல் முதலிய நின்றவிடத்து வேலைகளுக்கும், சமதரையில் உலர்ந்த உழவுக்கும் ஒதுக்கி, சேற்றுழவிற்கும் கரை வழிக்கும் அனுப்பாதிருத்தல் நலம். புதிதாக வாங்குவோர், மத்தியப் பிரதேசம் புத்னியிலுள்ள மத்திய பரிசோதனை நிலையத்தின் அறிக்கையைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்ப்பது உத்தமம்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். விபத்து நேர்ந்த இடத்திற்குச் செல்லும்போது ‘டிராக்டர் கவிழ்ந்து மரணம்’ என்று மட்டும் எழுதி முடிக்காமல், சட்டம் இருந்ததா, கம்பெனியினுடையதா பட்டறையினுடையதா, எந்த மூட்டில் விட்டது, பெல்ட் அணிந்திருந்தாரா என்னும் நாலு விவரங்களையும் சேர்த்துக் குறித்தனுப்புவார்களாக.