சிப்காட்டில் ஒரு கணக்குப் பட்டறை

சிப்காட் என்றதும் ஓசூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஷிஃப்ட் பஸ், கம்பெனி ஐடி கார்டு, கேன்டீன் சாம்பார். கைக்கடிகாரமும் மோட்டார் பைக்கும் லாரியும் பிறக்கிற இடம்.

சென்னையை ஒட்டி சிறுசேரியில் இன்னொரு சிப்காட் இருக்கிறது. ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே அங்கே ஒரு கட்டடம். உள்ளே மெஷின் எதுவும் ஓடாது. கரும்பலகையும் சாக்பீஸும் காபியும்தான். தயாராவது பெரும்பாலும் கணக்கு. பெயர், சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட். சுருக்கமாக சி.எம்.ஐ.

இதைத் தொடங்கியவர் சி.எஸ்.சேஷாத்ரி. 1932-ம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று காஞ்சிபுரத்தில் பிறந்தவர். (ஆமாம், நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்!) லயோலா கல்லூரியில் படித்து, மும்பை டாடா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய், உலகப் புகழ் பெற்று, சென்னைக்கே திரும்பி வந்தார். கர்நாடக இசையும் நன்றாகப் பாடுவார். 1989-ல் அவருடைய கணிதப் பள்ளிக்குக் கை கொடுத்தது அரசாங்கம் அல்ல. ஸ்பிக் உரக் கம்பெனியின் அறிவியல் அறக்கட்டளை. யூரியா விற்ற காசில் கணக்கு வளர்ந்தது. 2005-ல் பள்ளி சிறுசேரிக்குக் குடிபோனது. 2020-ல் சேஷாத்ரி மறைந்தார்.

அவரை இப்போது நினைக்க ஒரு காரணம் உண்டு. கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்று, நார்வே நாடு தருகிற ஏபெல் பரிசு. 2025-ல் அதைப் பெற்றவர் ஜப்பானின் மசாகி காஷிவாரா. அவருடைய சாதனைகளில் ஒன்று, ‘குவாண்டம் குரூப்’ என்கிற விஷயத்தில் 1990-ல் கண்டுபிடித்த ‘கிரிஸ்டல்’. அந்த கிரிஸ்டலுக்கும் சேஷாத்ரிக்கும் ஒரு சொந்தம் இருக்கிறது.

பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம். மூன்றை ஐந்தால் பெருக்கினாலும், ஐந்தை மூன்றால் பெருக்கினாலும் 15தான். ஆனால் பிளஸ் டூவில் அணிகள் படித்தவர்களுக்குத் தெரியும், வரிசையை மாற்றினால் அங்கே விடையே மாறிவிடும். குவாண்டம் குரூப்பில் இதற்கு ஒரு கட்டணம் வைத்தார்கள். இரண்டு பேர் முன்பின் இடம் மாற வேண்டுமா? ‘க்யூ’ என்ற எண்ணால் பெருக்கிவிட்டு மாறிக்கொள். அத்திப்பள்ளி டோல்கேட் மாதிரி. க்யூவின் மதிப்பு 1 என்றால் பெருக்கியும் ஒன்றும் மாறாது. டோல் இல்லாத பழைய ரோடு. 1985 வாக்கில் சோவியத் நாட்டின் டிரின்ஃபெல்டும் ஜப்பானின் ஜிம்போவும் தனித்தனியே இந்த ஏற்பாட்டைக் கண்டார்கள். இதன் வேர், காந்தத்துக்குள் அணுக்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்ற பௌதிகக் கேள்விகளில் இருக்கிறது.

காஷிவாரா கேட்டார்: க்யூவை பூஜ்யம் ஆக்கினால்? பௌதிகத்தில் அது வெப்பமே இல்லாத உறைநிலைக்குச் சமம். சிக்கலான கணக்கெல்லாம் பனிக்கட்டிபோல் உறைந்து, வெறும் புள்ளிகளும் அம்புக்குறிகளுமாக நின்றது. அதனால்தான் கிரிஸ்டல் என்று பெயர்.

இதற்குப் பத்து வருஷங்களுக்கும் முன்பே, 1970-களின் இறுதியில், சேஷாத்ரியும் லக்ஷ்மிபாயும் முசிலியும் வேறொரு மூலையில், வடிவியலில் உழைத்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து கிடைத்த சில கோடுகளை வைத்து ஜெர்மனியின் லிட்டல்மன் 1990-களில் ஒரு முறையை உருவாக்கினார். பார்த்தால், அதுவும் காஷிவாராவின் கிரிஸ்டலும் ஒன்றேதான்! இன்றும் அந்தக் கோடுகளுக்கு உலகம் முழுக்க ‘லக்ஷ்மிபாய்-சேஷாத்ரி பாதைகள்’ என்றே பெயர்.

இதில் மிக எளிய கணக்கை நீங்களே போடலாம். பென்சில் எடுங்கள்.

ஒரு எலெக்ட்ரானின் சுழற்சிக்கு இரண்டு நிலைகள். மூன்று எலெக்ட்ரான் சேர்ந்தால் 2×2×2, எட்டு. இந்த எட்டும் கலந்து கிடக்காது. குடும்பம் குடும்பமாகப் பிரியும். எத்தனை குடும்பம், ஒவ்வொன்றிலும் எத்தனை உறுப்பினர் என்பதுதான் கேள்வி. அணிகளை வைத்துப் போட்டால் பக்கம் பக்கமாகப் போகும். பாதை முறையில் மாடிப்படி போதும். தரையில் நில்லுங்கள். மூன்று முறை அடி வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு படி மேலே அல்லது ஒரு படி கீழே. தரைக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. மேல்-மேல்-மேல், மேல்-மேல்-கீழ், மேல்-கீழ்-மேல். மூன்றே வழி. ஆகவே மூன்று குடும்பம். நின்ற உயரம் 3, 1, 1. ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டினால் 4, 2, 2. அதுதான் உறுப்பினர் எண்ணிக்கை. மொத்தம் எட்டு.

பெரிய அமைப்புகளுக்கு மாடிப்படி பல திசைகளில் விரியும், சிலவற்றில் முடிவே இல்லாமல் போகும். அங்கேதான் இன்றைய ஆராய்ச்சி நடக்கிறது. சிறுசேரியில் மட்டுமல்ல, தரமணியிலும், ஓசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிற பெங்களூரு ஐ.ஐ.எஸ்.ஸியிலும் இந்தத் துறையில் வேலை செய்கிறார்கள். தினமும் ஓசூரிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் நம் வீடுகளில் பிள்ளைக்குக் கணக்கு நன்றாக வந்தால் இன்ஜினீயரிங் ஒன்றுதான் வழி என்று முடிவாகிவிடுகிறது. இன்ஜினீயரிங்கைக் குறை சொல்லவில்லை, ஊரே அதில்தான் சாப்பிடுகிறது. ஆனால் ‘ஏன் இப்படி வருகிறது?’ என்று விடை வந்த பிறகும் நோண்டுகிற பிள்ளை ஒன்று இருக்குமே, அதற்கு இந்தக் கதவு இருப்பதே தெரியாமல் போவது பெரிய நஷ்டம். சி.எம்.ஐ. பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. கிடையாது, தனி நுழைவுத்தேர்வு. விடையை டிக் அடித்தால் மட்டும் போதாது, காரணத்தை எழுதிக் காட்ட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு அது பிடிக்கும். உரக் கம்பெனி ஒன்று செய்ததை ஓசூர் கம்பெனிகளும் யோசிக்கலாம். இந்த ஊரில் ஒரு சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு நடத்த மெஷின் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

சரி, பென்சில் கையில்தானே இருக்கிறது? இப்போது நான்கு அடி. வழிகள் ஆறு வர வேண்டும். உயரத்தோடு ஒன்று கூட்டி எல்லாவற்றையும் சேர்த்தால் 16 வருகிறதா, பிள்ளைகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.