உறக்க மூச்சடைப்பு மனுக்களின் நிராகரிப்பு: முன்னாள் படைவீரர் சங்கத்தின் நிலைப்பாடு

ஸ்லீப் ஆப்னியா என்று பரவலாக அறியப்படும் உறக்க மூச்சடைப்பு, தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுவதால் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் நோய். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடிக்கும். இத்தகைய தடைகள் மணிக்கு 5 முதல் 15 வரை என்றால் லேசானது. 30-ஐத் தொட்டால் கடுமையானது. இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும்போது மூளை உடலை உலுக்கி எழுப்புகிறது. ஆனால் நோயாளி முழுதாக விழிப்பதில்லை. காலையில் எதுவும் நினைவிருப்பதுமில்லை. அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் இழப்பீட்டு மனுக்கள் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அந்நாட்டு முன்னாள் படைவீரர் நலத்துறையின் இயலாமை மதிப்பீட்டு அட்டவணையில் இந்நோயின் எண் 6847. அறிகுறி ஏதுமின்றிப் பரிசோதனையில் மட்டும் தெரிந்தால் 0 சதவீதம், பகலிலும் தீராத தூக்கக் கலக்கம் இருந்தால் 30, சிபாப் போன்ற மூச்சுக்கருவி தேவைப்பட்டால் 50, நாள்பட்ட மூச்சுச் செயலிழப்பு வரை போனால் 100. சார்ந்திருப்போர் இல்லாத ஒருவருக்கு 50 சதவீதம் என்பது 2025-இல் மாதம் ஏறத்தாழ 1,100 டாலர். இதைப் பெற மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போது நோய் இருக்கிறது, பணிக்காலத்தில் அதன் தொடக்கமோ காரணமோ இருந்தது, இரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து உண்டு. முதலாவதில் தகராறு குறைவு. உறக்கப் பரிசோதனை அறிக்கையே பேசும். மனுக்கள் விழுவது பின்னிரண்டில்.

நிராகரிப்புக் கடிதங்களில் சங்க உறுப்பினர்கள் மனப்பாடமாகவே அறிந்த ஒரு வாசகம் உண்டு: பணிக்கால மருத்துவப் பதிவேட்டில் இந்நோய் பற்றிய புகாரோ சிகிச்சையோ காணப்படவில்லை என்ற பொருளில் அது வரும். அந்த ஒரு வாசகம் மட்டுமே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமான காரணம் ஆகாது என்பது சங்கத்தின் நிலைப்பாடு.

போர்முனை முகாமில் உறக்கப் பரிசோதனைக் கூடம் கிடையாது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கூடாரங்களில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுத்தவர்கள் பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டையை மருத்துவரிடம் போய்ச் சொல்லவில்லை. பூட்ஸைத் தூக்கி எறிந்து திரும்பிப் படுக்கச் சொன்னார்கள். கடற்படைக் கப்பலில் மூன்றடுக்குக் கட்டிலில் மேலே படுத்தவருக்குக் கீழே இருப்பவரின் மூச்சு நிற்பதும் மீள்வதும் அத்தனை இரவும் கேட்டிருக்கும். குறட்டைக்காக மருத்துவரைப் பார்க்க வரிசையில் நின்றவருக்கு வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும். பகலில் கண் சொருகினால் இரவுக் காவல், இடமாற்றம், குண்டுச் சத்தம் என்று சொல்ல ஆயிரம் காரணங்கள் இருந்தன. இந்தச் சூழலில் பதிவேடு எதைப் பதிந்திருக்கும்?

விடுமுறையிலோ பணி முடிந்தோ வீடு திரும்பியவரின் நோயை முதலில் கண்டவர் பெரும்பாலும் மனைவி அல்லது கணவர். குறட்டை திடீரென்று அறுந்து, அறையே அடங்கி, பின் மூச்சை வெடுக்கென்று இழுக்கும் ஓசை வரும்வரை தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். ஆண்டுகள் கழித்து அவர் அதை எழுதிக் கொடுத்தால், மருத்துவப் பயிற்சி இல்லாதவர் என்று ஒரே வரியில் ஒதுக்கப்படுகிறார். நோயாளிக்கு நினைவில்லை, பதிவேட்டில் ஒன்றுமில்லை, கண்டவர் மருத்துவர் இல்லை என்றால், இந்நோய்க்கு யார்தான் சாட்சி சொல்வது? யாராலும் நிரூபிக்க முடியாதபடி ஒரு விதியைக் கையாண்டுவிட்டு, நிரூபிக்கவில்லை என்று கைவிரிப்பது அநீதி.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் சொல்ல மருத்துவப் பட்டம் வேண்டாம் என்பது 1994-இலேயே லேனோ எதிர் பிரவுன் வழக்கில் முடிவானது. அந்தக் கால மருத்துவப் பதிவு இல்லை என்பதற்காக மட்டும் ஒரு வாக்குமூலத்தை நம்பத்தகாதது என்று தள்ளக்கூடாது என்பது 2006-இன் புக்கானன் எதிர் நிக்கல்சன் தீர்ப்பு. இதன் எல்லையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி உறக்க மூச்சடைப்பு என்று நோய்க்குப் பெயர் சூட்ட முடியாது. மூச்சு நின்றது என்று சொல்ல முடியும். அதைக் கணக்கில் எடுத்து, தொடர்பு உண்டா இல்லையா என்று காரணத்தோடு எழுதுவது துறை நியமிக்கும் மருத்துவரின் கடமை. மருத்துவக் கருத்தின் எடை அதன் காரண விளக்கத்தில் இருக்கிறது என்று 2008-இல் நீவெஸ் ரோட்ரிகெஸ் வழக்கில் நீதிமன்றம் கூறியபின்னும், வாக்குமூலத்தைக் குறிப்பிடாத கருத்துகள் ஏற்கப்படுவது ஏன்?

2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த பஃப்கின் எதிர் காலின்ஸ் தீர்ப்புக்குப் பின் இந்தக் கேள்வி அவசரமாகிவிட்டது. சாதகமும் பாதகமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்பது சட்டம். ஆனால் அந்தச் சமநிலை இருந்ததா என்ற துறையின் முடிவில் தெளிவான பிழை தெரிந்தால்தான் மேல்முறையீட்டு நீதிமன்றம் தலையிடும் என்று அத்தீர்ப்பு கூறுகிறது. கீழே ஒதுக்கப்பட்ட வாக்குமூலம் மேலே மீட்கப்படும் என்று இனி நம்பியிருக்க முடியாது.

ஆகவே வாக்குமூலம் பொத்தாம் பொதுவாக இருக்கக்கூடாது. எந்த ஆண்டு, எந்த முகாம், எத்தனை அடி தள்ளிப் படுத்தார், என்ன கேட்டது, வாரத்தில் எத்தனை இரவு, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகியதா என்பவை வேண்டும். கணவர் நன்றாக உறங்குவதில்லை என்ற ஒரு வரிக்கு எடை இல்லை. மனைவியோ கணவரோ எழுதுவதுடன், உடன் பணியாற்றிய இருவரும் எழுதினால் நல்லது. மூவரும் ஒரே வாசகத்தை நகலெடுத்தால் கெடுதல்.

நிராகரிப்புக்குப் பின் 2019 பிப்ரவரி 19 முதல் மூன்று வழிகள் உள்ளன: புதிய சான்றுடன் துணை மனு, அதே கோப்பின் மேல்நிலை மறுஆய்வு, படைவீரர் மேல்முறையீட்டு வாரியம். மறுஆய்வில் புதிய சான்று எடுத்துக்கொள்ளப்படாது; வாக்குமூலம் இப்போதுதான் கையில் வந்தது என்றால் அந்த வழி வீண். ஓராண்டுக்குள் செயல்பட்டால் முதல் மனுவின் தேதி பொதுவாகக் காக்கப்படும்.

பணிக்காலத்துடன் நேரடித் தொடர்பைக் காட்ட முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பணியால் வந்த மனஉளைச்சல் நோய்க்கான மருந்தால் எடை கூடி, எடையால் மூச்சடைப்பு வந்தது என்பது போன்ற, உடற்பருமனை இடைப்படியாகக் கொள்ளும் வாதத்தைத் துறையின் தலைமைச் சட்ட ஆலோசகரே 2017-இல் ஏற்றிருக்கிறார். கீழ்நிலை அலுவலகங்கள் அதை மதிக்க வேண்டும். பணித் தொடர்பைத் தானாகவே அனுமானித்துக்கொள்ளும் 2022-இன் நச்சு வெளிப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்நோய் இல்லை; எனவே தொடர்பைக் காட்டியே ஆக வேண்டும்.

2022 பிப்ரவரியில் துறை முன்மொழிந்த மாற்றத்தின்படி, கருவியால் அறிகுறி முற்றும் அடங்கினால் 0 சதவீதம்தான். இதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. கருவியின் பயன்பாடு மட்டுமே அளவுகோலாக இருப்பது சரியா என்பதை விவாதிக்கலாம் என்ற அளவில் சங்கம் நிற்கிறது. ஆயினும் கருவியின் முகமூடியைக் கழற்றினால் அன்றிரவே திரும்பும் நோயைக் குணமானதாக எழுதுவதைச் சங்கம் ஏற்கவில்லை. மனுக்களின் நம்பகத்தன்மையைக் கெடுப்பவர்களும் உண்டு: பெரும் கட்டணம் வாங்கி அச்சுவார்ப்புக் கடிதம் விற்கும் உரிமமற்ற இடைத்தரகர்கள் மெய்யான மனுக்களின் மீதும் சந்தேகம் விழச் செய்கிறார்கள். அங்கீகாரம் பெற்ற படைவீரர் அமைப்புகளின் பிரதிநிதிகள் இலவசமாகவே உதவுகிறார்கள்.

சங்கத்தின் கோரிக்கைகள் மூன்று. நேரில் கண்டவர் வாக்குமூலம் இணைந்த எந்த மனுவும், அது ஏன் நம்பப்படவில்லை என்று எழுதாமல் நிராகரிக்கப்படக்கூடாது. அதைப் படித்ததாகக் குறிப்பிடாத மருத்துவக் கருத்து, மறு பரிசோதனைக்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும். பதிவேட்டின் மௌனத்தை மட்டும் காரணம் காட்டித் தள்ளப்பட்டவர்கள் ஓராண்டுக் கெடுவைக் கடந்திருந்தாலும், துணை மனு வழியே புதிய வாக்குமூலத்துடன் வரும்போது அம்மனு வேறு காரணம் தேடப்படாமல் முழுமையாக விசாரிக்கப்பட வேண்டும்.