மறதியை அளக்கும் கோல்

உருப்போட்ட பாடத்தை ஒப்புவிக்க இயலாத மாணவனைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வது ஆசிரியராகிய எமக்கு வழக்கம். சதாவதானி கதிரைவேற்பிள்ளை பிறந்த மேலைப் புலோலிக்கு அயலாகிய உடுப்பிட்டியில் நினைவாற்றலே கல்வியின் உரைகல்லாயிற்று. ஆயின், எல்லா மறதியும் சோம்பலன்று.

மூளையிலும் முண்ணாணிலும் நரம்பிழைகளின் மேலுறையைச் சிதைப்பது மல்ட்டிப்பிள் ஸ்கிளெரோசிஸ் என்னும் நோய். பெரும்பாலும் 20 முதல் 40 வயதினரிடையே தலைகாட்டுவது. நடை தளர்வதை யாவரும் காண்பர். சொல் நழுவுவதைக் காண்பார் அரியர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோ இந்நோயாளரின் நினைவுத் தளர்ச்சியைக் குறித்துள்ளார்.

இதனை அளப்பதற்கு 16 சொற்களை வாசித்துத் திருப்பிச் சொல்லுவிப்பர். இவ்வாறே 5 முறை. 2012இல் அறிஞர் குழுவொன்று பரிந்துரைத்த, ஏறத்தாழ 15 நிமிடத்தில் முடியும் சோதனைத் தொகுதியில் இதுவும் ஒன்று. நோயாளர் பலர் கற்றதை இழப்பதினும் கற்கும்போதே மிகுதியாக இடர்ப்படுகின்றனர் என்பதும், கூடுதல் முறை ஓதினால் நினைவில் நிற்றல் கூடும் என்பதும் ஆய்வாளர் கண்டவை.

இங்கேதான் தமிழ் கற்றார்க்குக் கடமையுண்டு. ஆங்கிலப் பட்டியலை மொழிபெயர்த்தல் போதாது. ஓரசைச் சொல் தமிழில் நீண்டுவிடும். சென்னையில் வகுத்ததும் அப்படியே பொருந்தாது: நாற்காலி இங்கே கதிரை, பப்பாளி இங்கே பப்பாசி. செவிக்குப் பழகாத சொல்லை மறந்தவனை நோயாளன் எனல் பிழை. நோயாளனைச் சோம்பேறி எனல் பெரும்பிழை.

ஆதலின், மருத்துவம் கற்ற பழைய மாணவரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து நம் வழக்குச் சொற்களால் பட்டியல் வகுத்து, முதலில் நலமுடையோரிடம் சோதித்து அளவு காணல் வேண்டும். யூபிலி ஆண்டுக்கு இதனினும் தக்க தொண்டு யாதுளது?