ரேடியோக் கடைக் காக்காவும் அந்தக் கெசட் பெட்டிகளும்



போன வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு மூதூரில் ஒரு ஜனாஸா அடக்கம் நடந்தது. பேரைப் போட்டு எழுத வேண்டாம் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டதால் நாங்கள் எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. "ரேடியோக் கடைக் காக்கா" என்றால் ஊரில் நாற்பது வயது தாண்டிய யாருக்கும் விளங்கும். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்கி வைப்பானாக.

அனுதாபச் செய்திகள் நிறைய வந்துவிட்டன. நல்ல மனிசன், சிரித்த முகம், யாருக்கும் கடன் இல்லை என்பதெல்லாம் உண்மைதான். நாங்கள் இங்கே எழுதுவது வேறு விசயம். கடையின் பின்னறையில் பன்னிரண்டு பதின்மூன்று அட்டைப் பெட்டி நிறையக் கெசட்டுகள் கிடக்கின்றன. மாத முடிவில் கடையை ஒப்படைக்க வேண்டும். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வந்து கிலோக் கணக்கில் விலையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகளில் தப்பில்லை, அவர்களுக்கு அது குப்பை மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிகளைக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம், பொறுமையாக வாசியுங்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு ரேடியோ விற்கிற கடை என்றால் என்ன என்றே தெரியாது. 1977க்கு முன்னர் வெளிநாட்டுச் சாமான்கள் நாட்டுக்குள் வருவது பெரும் பாடு. ஒரு ரேடியோ வீட்டில் இருந்தால் அதற்கு அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகுதான் ஜப்பான் செட்டுகள் கடைகளில் குவிந்தன. உபாலி விஜேவர்தனவின் 'யுனிக்' ரேடியோ பல வீடுகளில் அலுமாரிக்கு மேலே விரிப்புப் போர்த்தி இருந்தது. அதே காலத்தில் எங்கள் ஆட்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போகத் தொடங்கினார்கள். திரும்பி வருகிறபோது தோளில் ஒரு பெரிய செட் இருக்கும். திருகோணமலையிலிருந்து லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து, உப்புத் தண்ணீர் படாமல் சேலைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து இறக்குவார்கள்.

இறக்கிய அன்று இரவே சிலருடைய செட் புகைந்துவிடும். சவூதியில் அந்நாளில் பல வீடுகளில் 127 வோல்ட் கரண்ட், நமக்கு 230 வோல்ட். செட்டின் பின்னால் வோல்ட் மாற்றுகிற சின்னச் சுவிட்ச் ஒன்று இருக்கும், யாரும் அதைப் பார்ப்பதில்லை. அதனால் காக்கா ஒரு வேலை செய்தார். ஊருக்கு ஆள் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அவராகவே அந்த வீட்டுக்குப் போவார். பிளக்கின் மேல் சிவப்புப் பட்டி ஒட்டி, "நான் பார்க்காமச் செருகாதீங்க" என்று சொல்லிவிட்டு வருவார். எரிந்த செட்டைத் திருத்தினால் அவருக்குத்தான் காசு. அந்தக் காசு வேண்டாம் என்றுதான் வீடு வீடாக நடந்தார். வியாபாரம் தெரியாத மனிசன் என்று சிரித்தவர்களும் உண்டு. அவர் வியாபாரத்தை நன்றாகத் தெரிந்தவர் என்றே நாங்கள் நினைக்கிறோம். அந்தச் சிவப்புப் பட்டிக்குப் பிறகு ஊரில் யார் ரேடியோ வாங்கினாலும் அவரிடம்தான் போனார்கள்.

கடன் கொடுத்த விதமும் அப்படித்தான். தமிழ்நாட்டில் வி.ஜி.பன்னீர்தாஸ் தவணை முறையில் ரேடியோ விற்றுப் பேர் எடுத்த கதை பலருக்குத் தெரியும். மாதச் சம்பளம் வாங்குகிற பட்டணத்துக்கு அது பொருந்தும். மூதூரில் யாருக்கு மாதச் சம்பளம்? எங்களைப் போல நாலு ஆசிரியர்கள், ஐந்தாறு கிளார்க்குமார். மற்றவர்கள் எல்லாம் வயலும் கடலும். காக்காவின் கடன் கொப்பியில் தேதிக்குப் பதிலாக "மாரி வெள்ளாமை வெட்டினதும்", "கீரி மீன் பட்டதும்" என்றுதான் எழுதியிருக்கும். வட்டி கிடையாது. வெள்ளத்தில் வெள்ளாமை அழிந்த வருசம் அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து வைத்துவிடுவார்.

எங்களுக்கு அவர் முதலில் ஒரு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்தோம், விளங்கியது அந்தக் கடை வாங்கில் இருந்துதான். பகலில் இரைச்சலாகக் கிடக்கிற இந்திய மத்திய அலை நிலையங்கள் மஃரிபுக்குப் பிறகு எப்படித் தெளிகின்றன என்று கேட்டோம். வானத்தில் மேலே ஒரு மின்படை இருக்கிறது, பகலில் அதன் கீழ்ப்படை அலையைக் குடித்துவிடுகிறது, பொழுது பட்டதும் அந்தப் படை கரைந்துவிட மேல்படை அலையைத் திருப்பி அனுப்புகிறது என்றார். சிற்றலைக்குக் கடற்கரைக்கே கூட்டிப் போனார். தட்டையான ஓட்டுத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் வீசி, அது தத்தித் தத்திப் போவதைக் காட்டினார். "பாருங்க, அது தொட்ட இடத்துல கேக்கும், தாண்டின இடத்துல கேக்காது." ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல 1984இல் திருகோணமலையில் அஞ்சல் நிலையம் வைத்தது. பக்கத்தில் இருக்கிற நிலையத்தை விட்டுவிட்டுத் தூரத்து லண்டன் எப்படித் தெளிவாகக் கேட்கிறது என்ற கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை அந்த ஓட்டுத் துண்டு. எங்களில் மூன்று பேர் இன்றைக்கு விஞ்ஞான ஆசிரியர்கள். வகுப்பில் அதே உதாரணத்தைத்தான் சொல்கிறோம்.

லண்டன் என்றால் தமிழோசை. யுத்த காலத்தில் இரவு ஊர் அடங்கிவிடும், கரண்ட் இருக்காது. பெட்டரியைப் பிள்ளையைப் போலப் பாதுகாத்து அந்த ஒரு நிகழ்ச்சிக்காக மட்டும் ரேடியோவைத் திறப்போம். யாழ்ப்பாணத்தில் தடை காரணமாகப் பெட்டரியே கிடைக்காத வருசங்களில் ஆட்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். 2017 ஏப்ரல் 30ஆம் தேதி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றபோது காக்கா அன்றைக்குக் கடையை நேரத்தோடு பூட்டினார். காரணம் கேட்டதற்கு "சும்மா" என்றார்.

இனிப் பெட்டிகளுக்கு வருவோம்.

அந்தக் கெசட்டுகளில் பாட்டுத்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டு இருக்கிறது. நாகூர் ஹனீபா இருக்கிறார், எகிப்தின் காரி அப்துல் பாஸித்தின் கிராஅத் இருக்கிறது, பி.எச்.அப்துல் ஹமீட் நடத்திய வானொலி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைத்ததும் இருக்கிறது. சினிமாப் பாட்டும் தாராளமாக இருக்கிறது. இவை வேறு எங்கும் கிடைக்கும். கிடைக்காதது மற்றையது. குரல் கடிதங்கள்.

எண்பதுகளில் ரியாதில் இருக்கிற மகனுக்கு உம்மா எப்படிக் கடிதம் எழுதுவா? எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவித்தால் வீட்டுச் சங்கதி தெருவுக்குப் போகும். அதனால் காக்காவின் பின்னறைக்கு வருவார்கள். ஒரு மேசை, ஒரு மைக், சுவரில் சாக்கு அடித்திருக்கும், எதிரொலி வராமல் இருக்க. பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு அவர் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார். ஒரு பக்கம் முப்பது நிமிசம். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டதில்லை. முடிந்ததும் கெசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற சின்னத் தகட்டை முறித்துவிடுவார். அதை முறித்தால் அதற்கு மேலே வேறு எதையும் பதிய முடியாது. அங்கிருந்து பதில் கெசட் வரும், வீட்டில் செட் இல்லாதவர்கள் அதையும் அவருடைய பின்னறையில் இருந்துதான் கேட்டார்கள். இதற்கு அவர் காசு வாங்கியதில்லை, கெசட்டின் விலை மட்டும்தான்.

போய்ச் சேரும் வழியில் தொலைந்துவிடும் என்ற பயத்தில் பல உம்மாமார் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்தப் பிரதிகள்தான் இந்தப் பெட்டிகளில் கிடக்கின்றன. 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோனவர்களின் குரலும் அதில் இருக்கக்கூடும். 2006 ஆகஸ்டில் ஊரே எழும்பிக் கந்தளாய்க்குப் போனபோது பல வீடுகளில் கல்யாணப் படம்கூட மிஞ்சவில்லை. திரும்பி வந்து பார்க்கையில் காக்காவின் கடைக் கதவும் திறந்துதான் கிடந்தது, முன்னறையில் செட்டுகள் ஒன்றும் இல்லை. கெசட்டை யாரும் தொடவில்லை. எடுத்தவர்களுக்கும் அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்றைக்கு அதைக் கிலோக் கணக்கில் கொடுக்கப் போகிறோமா?

மும்பையில் 'ரிதம் ஹவுஸ்' என்று ஓர் இசைத்தட்டுக் கடை இருந்தது. 1948இல் தொடங்கியது, ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குப் பக்கத்தில். வாங்குவதற்கு முன்னர் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க அங்கே தனிக் கூண்டுகள் இருந்தன. கடைசியாக அதை நடத்தியவர் மஹ்மூத் கர்மாலி. 2016 பெப்ரவரி 29இல் அது மூடப்பட்டபோது பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பெரிய பட்டணத்துக் கடை, எழுத ஆள் இருந்தது. ஆனால் அங்கே விற்றவை எல்லாம் அச்சடித்த பதிவுகள், இன்னொரு பிரதி உலகத்தில் எங்காவது இருக்கும். எங்கள் ஊர்ப் பின்னறையில் கிடப்பதற்கு இன்னொரு பிரதி இல்லை. இது பெருமைக்காகச் சொல்வதல்ல, கணக்கு.

ஒரு விசயத்தை மறைக்காமல் பேசிவிடுவோம். இசை கூடுமா கூடாதா என்ற பேச்சு ஊரில் உண்டு. கடைசிக் காலத்தில் சிலர் காக்காவிடமே போய், "இதெல்லாம் வைத்துக்கொண்டு மௌத்தாகப் போறீங்களா" என்று கேட்டார்கள். நாங்கள் அதற்குப் பத்வா சொல்லத் தகுதியானவர்கள் இல்லை, உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு தாய் தன் மகனுக்கு "நேரத்துக்குச் சாப்பிடு வாப்பா" என்று சொல்வது எந்தக் கணக்கில் வரும்? இதே ஊரில் ரமழானில் ஸஹருக்கும் நோன்பு துறக்கவும் ஊரே அவர் திருத்திய ரேடியோவைத்தான் காதோடு வைத்துக் கேட்டது. பெருநாள் பிறை அறிவிப்புக்கு அவருடைய கடை வாசலில் கூடி நின்றவர்களில் பெட்டிகளை எரிக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். பாட்டு வேண்டாதவர்கள் பாட்டுக் கெசட்டை விட்டுவிடட்டும். குரலைக் காப்பாற்றலாம்.

இன்னொரு கேள்வியும் வருகிறது, அந்தரங்கம். இது நியாயமான கேள்வி. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்ற மனிசனின் அமானிதத்தை நாம் மைக்கில் போட முடியாது. ஆகவே எங்கள் யோசனை, ஒவ்வொரு கெசட்டின் உறையிலும் வீட்டுப் பேரும் வருசமும் அவர் கையெழுத்தில் இருக்கிறது, முதலில் அந்தந்தக் குடும்பத்தைத் தேடிக் கொடுப்பது. அவர்கள் விரும்பினால் மட்டும் பிரதி எடுப்பது. குடும்பம் கிடைக்காதவற்றைத் திறக்காமல் பாதுகாப்பது. ஊர்ப் பயான்கள், பள்ளிக்கூட விழாக்கள், பழைய கவியரங்குகள் போன்ற பொதுவானவற்றை மட்டும் 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்து வருகிற நூலக நிறுவனம் போன்ற இடத்துக்குக் கொடுக்கலாம்.

வேலை கடினம் இல்லை, ஆனால் அவசரப்பட்டால் கெட்டுப் போகும். காக்கா சொல்லித் தந்தவற்றையே எழுதுகிறோம். நாடா 3.81 மில்லிமீற்றர் அகலம். முப்பது வருசம் அசையாமல் கிடந்தால் சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே கேட்கிறதற்கு முன்னர் ஒருமுறை முழுதாக முன்னுக்கும் பின்னுக்கும் சுற்ற வேண்டும். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் செட்டில் போடவே கூடாது, மற்றக் கெசட்டுக்கும் தொற்றும். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்காமல் ஒன்றும் ஓடவிடக் கூடாது. ஓசை அடைத்துக் கேட்டால் நாடாவைக் குறை சொல்லாமல் ஹெட்டின் பக்கத்துச் சின்னத் திருகாணியை மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும், குரல் தானாகத் திறக்கும். கணினியில் பதிகிறபோது வேவ் கோப்பாகவே வையுங்கள், வட்ஸ்அப்பில் அனுப்பப் பிறகு எம்.பி.3 ஆக்கிக்கொள்ளலாம். ஒரு மணித்தியாலக் கெசட்டுக்கு ஒரு மணித்தியாலம்தான் பிடிக்கும், அதைச் சுருக்க வழி இல்லை. எண்ணூறு கெசட் என்று வைத்தால் நான்கு செட், நான்கு பேர், பின்னேரம் இரண்டு இரண்டாக ஓடவிட்டால் இரண்டு தவணைக்குள், பரீட்சை நாட்களைக் கழித்தும், முடித்துவிடலாம்.

பிள்ளைகளோடு பேசினோம். மாத முடிவு வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய சாமான்காரர் சொன்ன விலையை நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்துவிடுகிறோம், அது பெரிய காசு இல்லை. பெட்டிகளை வைக்க ஈரமில்லாத ஓர் அறை வேண்டும், ஓட்டுக் கூரையாக இருந்தால் நல்லது, தகரம் வேண்டாம், வெக்கை நாடாவுக்கு ஆகாது. வீட்டில் ஓடுகிற நிலையில் கெசட் செட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பெல்ட் அறுந்திருந்தாலும் பரவாயில்லை, மாற்றலாம்.

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கடையில் இருப்போம். உங்கள் வீட்டில் கிடக்கும் பழைய கெசட்டுகளையும் கொண்டு வரலாம். 120 நிமிசக் கெசட் இருந்தால் தயவுசெய்து வீட்டில் போட்டுப் பார்க்காமல் அப்படியே எடுத்து வாருங்கள். அதன் நாடா மிகவும் மெல்லிசு, சிக்கிக்கொள்ளும். காக்கா அந்தக் கெசட்டைக் கடையில் விற்றதே இல்லை.