பில்லில் மரத்தின் பெயர் வேண்டும்

மும்பையில் நம்மவர்கள் வீடு மாறும்போது முதலில் தெருவுக்கு வருவது மரச் சாமான்தான். தாராவி, சயான், செம்பூர் என்று எங்கு பார்த்தாலும் பழைய கட்டடங்களை இடித்துவிட்டுப் புதியவை எழுப்புகிறார்கள். புது வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரமே, அப்பா காலத்துக் கட்டிலும் மேஜையும் பங்கார்வாலாவிடம் போய்விடுகின்றன. அவற்றின் இடத்தில் தவணைக்கு வாங்கிய ரெடிமேட் சாமான்கள் பளபளவென்று வந்து இறங்குகின்றன.

ரெடிமேட் வாங்குவதைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. நல்ல மரம் வாங்கி, ஆசாரியை வைத்து, ஒரு மாதம் சோறு போட்டுச் செய்துகொள்ளும் காலம் போய்விட்டது. ஆனால் கடையில் வாங்கியதைக் கடவுள் கொடுத்த வரம்போல அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோமே, அதுதான் சரியில்லை. குடிசைச் சீரமைப்புத் திட்டத்தில் கிடைக்கும் வீட்டின் பரப்பு 300 சதுர அடி. கடையில் விற்கும் இரட்டைக் கட்டில் ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம். வீட்டில் பத்தில் ஒரு பங்கைக் கட்டில் ஒன்றே விழுங்கிவிடுகிறது. அதன் கால்களுக்கு அடியில் ஆறங்குலக் கட்டை கொடுத்து உயர்த்தினால் இரண்டு டிரங்குப் பெட்டிகள் உள்ளே போகும். மேஜையின் அகலத்தில் நாலு அங்குலம் குறைத்தால் கதவு முழுதாகத் திறக்கும். இதையெல்லாம் செய்ய நமக்கு மனம் வருவதில்லை. "கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும்" என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். அநேகமாக அது உண்மைதான். உத்தரவாதக் காலம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் ஏன் தயக்கம்?

கை வைக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நான் அதை நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மகளின் படிப்புக்காக ஒரு மேஜை வாங்கினேன். தேக்கு என்றார்கள், தேக்குக்கான விலையும் வாங்கினார்கள். நிறம் மிகவும் கறுப்பாக இருக்கிறதே, தேய்த்துவிட்டு வெளிர் பாலிஷ் போடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை 80-ஆம் நம்பர் உப்புத்தாளோடு உட்கார்ந்தேன். (இங்கே கடையில் 'ரெக்மால்' என்று கேட்டால்தான் கிடைக்கும்.) பத்து நிமிஷத்தில் ஓரத்தில் ரேகையே இல்லாத ஒரு திட்டு தெரிந்தது. கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தேன். திட்டு உள்ளங்கை அகலம் ஆயிற்று. பக்கத்து வீட்டில் நாகர்கோவில்காரர் ஒருவர் தச்சு வேலை செய்கிறவர். வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இது தேக்கு இல்ல. தேக்குல சட்டை போட்டிருக்கான். நீங்க சட்டையக் கிழிச்சிட்டீங்க" என்றார்.

மரத்தை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி, ஒட்டுப்பலகைமேல் ஒட்டியதுதான் அந்தச் சட்டை. வெனீர் என்பார்கள். அதில் மோசடி ஒன்றுமில்லை, நல்ல வேலைதான். மோசடி, அதைத் தேக்கு என்று சொல்லி விற்பதில் இருக்கிறது. கடைக்குப் போய்க் கேட்டேன். பில்லைக் காட்டச் சொன்னார். 'ஸ்டடி டேபிள், ஒன்று' என்றுதான் அதில் இருந்தது. வாயால் சொன்ன தேக்குக்குச் சாட்சி ஏது? மேஜைக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆகவேதான் சொல்கிறேன்: பில்லில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். மேல்பலகை என்ன, கால் என்ன, முதுகுப் பலகை என்ன என்று தனித்தனியாக எழுதட்டும். பொருளின் தரம் என்ன என்று அறிந்துகொள்ளும் உரிமையை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குக் கொடுத்திருக்கிறது. முறையிடுவதற்கு 1915 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது. துவரம் பருப்பு வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிற நாம், முப்பதாயிரம் ரூபாய் சாமானைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை.

குனிந்து பார்த்தால் அநேகமாகத் தெரிந்துவிடும். மேஜையின் மேல்பரப்பில் ஓடும் ரேகை, பலகை முடியும் முனையில் இறங்கித் தொடர்ந்தால் முழு மரம். முனையில் வேறு ரேகை, அல்லது ஒட்டிய பட்டை இருந்தால் வெனீர். திருகாணித் துளைக்குள் தூளும் சிராயும் தெரிந்தால் மரத்தூளைப் பசையால் அழுத்திய பலகை. ஜோத்பூரிலிருந்து வருகிற ஷீஷம், மாமரச் சாமான்களும், வெளிறிய நிறத்து ரப்பர் மரச் சாமான்களும் முழு மரமாக இருந்தால் தாராளமாகத் தேய்க்கலாம், அறுக்கலாம். வெனீரை 220-ஆம் நம்பர் தாளால் தடவிக்கொடுப்பதோடு நிறுத்த வேண்டும். தூள் பலகையை அறுத்தால், அறுத்த முனையை அன்றைக்கே பெயிண்ட் அல்லது பட்டையால் மூடிவிட வேண்டும். ஈரம் பட்டால் ரவா உப்புமாபோல் உப்பிவிடும்.

பழைய பெயிண்ட் அடித்த சாமானை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்ட்டின் தூசி குழந்தைகளுக்கு விஷம். நனைத்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிஷ் விஷயத்தில் எனக்கு அரக்குப் பாலிஷ்தான் பிடிக்கும். ஜார்கண்ட் காடுகளில் அரக்குப் பூச்சி தருகிற பிசினை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொட்டலத்தால் பூசுவது. சீக்கிரம் உலரும், கீறல் விழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பூசலாம். ஒரே குறை, சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. காப்பி டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளை வளையம் விழுந்தே தீரும். நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு அது ஆகாது. பாலியூரித்தேன் பூச்சுதான் தாங்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

இந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை அரக்குப் பாலிஷ் வேலையைத் தொடவே கூடாது. காற்றின் ஈரம் ஏறி, பூசிய இடம் பால் படர்ந்தாற்போல் வெளுக்கும். இழுப்பறைக் கதை இதைவிட வேடிக்கை. ஜூலையில் இறுகிக்கொள்கிறது என்று இழைப்புளியால் சீவுவார்கள். ஜனவரியில் மரம் சுருங்கியதும் அது கடகடவென்று ஆடும். இறுகினால் ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு, குளிர்காலம்வரை பொறுப்பதே சரி.

தரைமட்ட வீட்டுக்காரர்களுக்கு இன்னொன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நாம் மறக்கவில்லை. அவ்வளவு வேண்டாம், அரை அடித் தண்ணீர் போதும். மரக்காலின் அடி முனை தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். பாலிஷ்காரர்கள் கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தைத்தான் விட்டுவிடுவார்கள். மேஜையைக் கவிழ்த்து, கால்களின் அடியில் இரண்டு மூன்று முறை ஆயில் பெயிண்ட் அடித்து, ரப்பர்க் குமிழ் மாட்டுங்கள்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் ஒரு தம்பி கட்டில் வாங்கப் போனார். நானும் துணைக்குப் போனேன். முதல் கடையில் மரத்தின் பெயரைப் பில்லில் எழுத முடியாது என்றார்கள், இறங்கி வந்துவிட்டோம். இரண்டாவது கடைக்காரர் கொஞ்சம் முறைத்துவிட்டு, 'சட்டமும் காலும் மாமரம், தட்டு ஒட்டுப்பலகை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்தும் கொடுத்தார்.